கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

அந்தச் சலவை ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவள், "நாளையிலேர்ந்து வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு டாட்டா காட்டிவிட முடியாது. தன் இடத்துக்கு வருகிறவளுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டு, கடைசி நாள் ஷிஃப்ட் முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். படுக்கை விரிப்பு உருளைக்குள் கோணலாகப் போனாலும் சரி, புதியவள் முழி பிதுங்கி நின்றாலும் சரி, கை முன்னால் வரக்கூடாது. வாயால் சொல்லலாம், தொடக்கூடாது. அந்த ஷிஃப்ட் ஒழுங்காக ஓடிவிட்டால் போகிறவள் போகலாம். ஆவியும் சூடான உருளையும் கையைப் பதம் பார்க்கிற இடம் அது. அரைகுறையாகக் கற்றவளிடம் இயந்திரத்தை விட்டுவிட்டுப் போனால் யார் விரலுக்கு யார் பொறுப்பு?

இதை ஏற்படுத்தியவள் இன்சார்ஜ் அக்கா. ஷிஃப்டுக்குப் பொறுப்பு அவள்தான் என்பதால் அந்தப் பெயர். மகா கறார். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து குவியும் துணியில், துவைத்து உலர்த்திய பிறகும் ஊசிமுனை அளவு கறை மிச்சமிருந்தால் கண்டுபிடித்துவிடுவாள். "இது யாரு கைங்கரியம்?" என்று அவள் கேட்டால் போதும், செய்தவள் தானாகக் கையைத் தூக்கிவிடுவாள். கல்யாணம் அமையவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் ஆலையில் யாருக்கும் வரவில்லை. அவ்வளவு கண்ணுள்ளவள் தன் வீட்டில், தன் மூக்குக்குக் கீழே நடந்ததைப் பார்க்காமல் விட்டாளே, அதை நினைத்தால் ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

மடிப்பு மேசையில் ஒருத்தி வேலை பார்த்தாள். அவளுக்கு அங்கே ரேடியோ என்று பெயர். இயந்திரங்கள் போடுகிற இரைச்சலுக்கு மேலே குரல் எடுத்துப் பேசுவாள், பாடுவாள், யாரையாவது வம்புக்கு இழுப்பாள். கை தன் பாட்டுக்கு விரிப்பை மடிக்கும், வாய் தன் பாட்டுக்கு ஓடும். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா இரண்டாவது குடும்பத்தோடு எங்கோ இருந்தார், போன் பண்ணினால் எடுப்பார், தானாகப் பண்ணமாட்டார். துணி ஏற்றி இறக்கும் வேனை ஓட்டுகிறவன் இன்சார்ஜ் அக்காவின் ஒரே தம்பி. அவனும் அவளும் ஒருவரையொருவர் பார்த்து இளித்துக்கொண்டிருந்ததை ஆலை முழுக்கப் பார்த்தது. "சரி, கட்டிக்கடா. வீட்டுக்கு ஒரு ரேடியோ வேணும்தான்" என்று அக்காவே முடித்துவைத்தாள். அன்றிலிருந்து ரேடியோவுக்கு இன்சார்ஜ் அக்கா அண்ணி ஆனாள். மூன்று பேரும் ஆலைக்குப் பின் தெருவில், மாடி வீட்டுக்குக் கீழே இருந்த இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள்.

வயிறு மேசையில் இடிக்கிற வரைக்கும் ரேடியோ வேலைக்கு வந்தாள். "இது வெளிய வரும்போதே பேசிக்கிட்டுதான் வரும் பாருங்க" என்று மடிப்பு மேசைப் பெண்கள் கேலி செய்தார்கள். பிள்ளை பேசிக்கொண்டு வரவில்லை. பகல் முழுக்கத் தாயைப் படாத பாடு படுத்திவிட்டு, தலை நிறைய முடியோடு வந்து சேர்ந்தான். பையன். தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே ரேடியோ அழுதாள். பால் கொடுக்கும்போது அழுதாள். பால் போதவில்லை என்று பால்பவுடர் கரைத்தபோது அதற்கும் அழுதாள். குழந்தை தூங்குகிற நேரத்தில் அவள் தூங்காமல் உட்கார்ந்து அவன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் தூங்கும்போது நீயும் தூங்கேன்டி" என்று அண்ணி சொன்னால், "கண்ணை மூடினா வர மாட்டேங்குது அண்ணி" என்பாள். மாடிப்படியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறமாட்டாள், கீழே போட்டுவிடுவோமோ என்று பயம். பார்க்க வந்த மடிப்பு மேசைப் பெண்கள் குழந்தையை ஆளுக்கு ஒரு முறை தூக்கிக் கொஞ்சினார்கள். மூக்கு அப்பா மாதிரி, காது அத்தை மாதிரி என்று பங்கு பிரித்தார்கள். "என்னடி, ரேடியோவுக்கு பேட்டரி தீந்துடுச்சா?" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டி மேலே ஏறவில்லை என்பதை யார் கவனித்தார்கள்?

"எல்லாருக்கும் இருக்கிறதுதானாம்க்கா" என்றான் தம்பி. "லோடு ஏத்துறவரு சொன்னாரு. அவரு சம்சாரமும் அப்படித்தான் இருந்தாங்களாம். தானா சரியாயிடுமாம்."

லோடு ஏற்றுகிறவர் சொன்னால் வேதவாக்கு! அக்காவும் மண்டையை ஆட்டினாள். எத்தனை பேர் பெற்று, பெற்ற கையோடு வேலைக்கு வந்து நிற்கவில்லை? இவளுக்கு மட்டும் என்ன வந்தது என்று உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது.

ஒரே ஒரு தடவை ரேடியோ வாயைத் திறந்து சொன்னாள். அண்ணி குழந்தையின் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, இவனைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. யாரு வீட்டுப் பிள்ளையோ மாதிரி இருக்கு. பாவம், இவன் வேற எங்கயாவது பிறந்திருக்கலாம்."

"வாயைக் கழுவுடி!" என்று சீறினாள் அண்ணி. "பெத்தவ பேசுற பேச்சா இது? பிள்ளை காதுல விழப்போகுது."

"சரி அண்ணி" என்றாள் ரேடியோ. அதோடு சரி. அந்தக் கதவை அண்ணி அடித்துச் சாத்திய பிறகு அவள் மறுபடி தட்டவே இல்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அழுகை நின்றுபோனது. ஒரு காலையில் ரேடியோ குளித்து, தலைவாரி, அடுப்படியைத் துடைத்துவைத்துவிட்டு, "அண்ணி, இன்னிக்கு நீங்க குளிப்பாட்டுறீங்களா? நான் சொல்லித் தர்றேன்" என்றாள். வீட்டில் இருந்த இருட்டு விலகினாற்போல் இருந்தது. தம்பி வேனில் ஏறும்போது விசில் அடித்தான். "நான் சொன்னேன்ல, தானா சரியாயிடும்னு!"

அண்ணிக்கு இரண்டாவது ஷிஃப்ட், மதியத்துக்கு மேல்தான் வேலை. ஆகவே காலை நேரம் முழுக்கப் பாடம் நடந்தது. பாடம் என்றால் பாடம், அப்படி ஒரு நேர்த்தி. தண்ணீர்ச் சூட்டை விரலால் பார்க்கக்கூடாது, முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். கழுத்து மடிப்பில் பால் வழிந்து புளித்துக் கிடக்கும், அதைத் துடைக்க மறந்தால் சிவந்துபோகும். இடது தோளில் போட்டால்தான் ஏப்பம் விடுவான், வலது தோளில் போட்டால் ஊரைக் கூட்டுவான். பசிக்கு அழுதால் விட்டு விட்டு அழுவான், வயிற்றுவலி என்றால் ஒரே மூச்சாகக் காலை மடக்கிக்கொண்டு அழுவான். பவுடரை எப்படிக் கரைப்பது, புட்டியை எப்படிக் கொதிக்கவைப்பது, தடுப்பூசிக்கு எங்கே போக வேண்டும், எந்த நர்ஸ் வலிக்காமல் போடுவாள் என்று ஒன்றையும் விடவில்லை.

அண்ணி கற்றுக்கொண்டாள். ஐயோ, எவ்வளவு ஆசையாகக் கற்றுக்கொண்டாள்! இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் தங்கள் குழந்தையை அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கும்போதே ஒரு பெருமூச்சும் விடுவார்கள், "உனக்கும் ஒண்ணு இருந்திருந்தா" என்று. ரேடியோ ஒருத்திதான் பெருமூச்சு விடாமல் கொடுத்தாள். குழந்தை தன் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினால், ஷிஃப்டுக்கு நேரமாகிற வரைக்கும் அண்ணி அந்த விரலை உருவமாட்டாள். ஆலையில் விரிப்புகளை எண்ணிக்கொண்டு நிற்கும்போதுகூடப் புடவையில் பால்வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பாள். அந்த நாட்கள்தான் அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள். சொல்லக் கசக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அன்றைக்குக் காலை ரேடியோ சொன்னாள்: "இன்னிக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களே எல்லாம் பண்ணுங்க, பாப்போம்."

"என்னடி, பரீட்சையா?"

"ஆமா அண்ணி."

அண்ணி தனியாகக் குளிப்பாட்டினாள். துவட்டினாள், துணி மாட்டினாள், பால் கரைத்துக் கொடுத்தாள். நடுவில் குழந்தை வீறிட்டபோது பதறாமல் இடது தோளுக்கு மாற்றித் தட்டினாள், அடங்கிவிட்டான். தொட்டிலில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை, முகமெல்லாம் பல். "எப்படி நம்ம கை?" என்று கேட்டாள்.

ரேடியோ சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். "சுத்தமா இருக்கு அண்ணி. ஒரு குறையும் இல்லை" என்றாள்.

அந்தப் பாராட்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு அண்ணி வேலைக்குப் போனாள்.

அன்று ஆலையில் உருளைக்காரிக்குக் கடைசி நாள். பெரிய இஸ்திரி உருளையை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். மகளோடு போய் இருக்கப் போகிறாள். அவள் இடத்துக்கு, துணி உலர்த்தும் பகுதியில் இருந்த ஒருத்தி வந்திருந்தாள். இன்சார்ஜ் அக்கா தள்ளுவண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் வந்தபோது, புதியவள் ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உருளைக்குள் விட்டாள். ஒரு முனை மடங்கியது. உருளைக்காரியின் தோள் துடித்தது, ஆனால் கை வரவில்லை. பின்னால் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். புதியவள் பெடலை மிதித்து உருளையை நிறுத்தி, முனையைச் சரிசெய்து, மறுபடி ஓட்டினாள்.

"சுத்தமா இருக்கு" என்றாள் உருளைக்காரி. "இன்சார்ஜ் அக்கா, இனிமே இவ தனியா பாத்துப்பா. ஷிஃப்ட் முடிஞ்சதும் நான் கிளம்பலாமில்ல?"

இன்சார்ஜ் அக்கா உருளைக்காரியின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில், குழந்தை வீறிட்டபோது, பெற்ற தாய் ஒருத்தி அசையாமல் நின்றாளே, அவள் கை எங்கே இருந்தது? பின்னால் இருந்தது. இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டுதான் நின்றாள்! இந்த ஆலையில் வேலை பார்த்தவள். எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவளே இந்த அண்ணிதான்.

அக்கா போனை எடுத்து ரேடியோவுக்குப் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. தம்பிக்குப் போட்டாள்.

"எங்கடா இருக்க? உடனே வீட்டுக்கு வா."

"லோடு இறக்கிட்டு இருக்கேன்க்கா. என்னாச்சு? குழந்தைக்கா?"

அந்த நேரத்திலும் அவனுக்குக் குழந்தைதான் தோன்றியது பாருங்கள். "குழந்தைக்கு இல்லடா. அவளுக்கு. எல்லாத்தையும் போட்டுட்டு வா!" என்று கத்திவிட்டு ஓடினாள். இன்சார்ஜ் அக்கா ஓடி யாரும் பார்த்ததில்லை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், தெருவில் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட, மூச்சு இரைக்க ஓடினாள்.

மாடி வீட்டுக்காரி வாசலில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். "இப்பத்தான் குடுத்துட்டுப் போனா. ராத்திரி அண்ணி வந்து வாங்கிப்பாங்கன்னா. ஏங்க, எங்கயாவது போறீங்களா எல்லாரும்?"

கீழ் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ரேடியோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். காலில் செருப்பு. வீட்டுக்குள் என்றைக்கும் செருப்புப் போடாதவள். பக்கத்தில் பையும் இல்லை, பர்ஸும் இல்லை. போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. எங்கோ போகக் கிளம்பியவள்தான், ஆனால் எதையும் எடுத்துக்கொள்ளாமல் போகிற இடம் அது.

அண்ணி அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். நாலு பேரைக் கேள்வி கேட்டே நடுங்கவைக்கிறவளுக்கு ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை. கடைசியில், "எங்கடி கிளம்பிட்ட?" என்றாள்.

ரேடியோ குனிந்து அவளைப் பார்த்தாள். "ஷிஃப்ட் முடியலையே அண்ணி. அதுக்குள்ள ஏன் வந்தீங்க?" என்றாள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

"போக விடமாட்டேன்டி."

"நான் இருந்து என்ன பண்ணப் போறேன்? நீங்க தூக்கினா சிரிக்கிறான். நான் தூக்கினா எனக்கு எப்ப இறக்கி வைப்போம்னு இருக்கு. உங்களுக்கும் ஆசைதானே?"

அண்ணியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. தம்பியின் வேன் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்கிற வரைக்கும் அந்த முழங்காலை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு வயது அதிகமில்லை. தொண்டையில் சளி கட்டியிருந்தது, அடிக்கடி செருமிக்கொண்டாள். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியை ரேடியோவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "தூங்குறீங்களா?" என்று கேட்டாள், "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். பிறகு அதே குரலில், "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்டாள்.

தம்பி திடுக்கிட்டு எழுந்தான். "என்ன டாக்டர், இப்படியா கேப்பாங்க?"

"ஆமா" என்றாள் ரேடியோ. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

தம்பி பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்தான்.

"எப்பன்னு யோசிச்சு வச்சிருந்தீங்களா?"

"அண்ணி தனியா எல்லாம் பண்ணக் கத்துக்கிட்ட பிறகுன்னு."

"கத்துக்கிட்டாங்களா?"

"இன்னிக்குக் காலையில."

அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். குழந்தை அவள் இடது தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். எவ்வளவு வக்கணையாகத் தூக்கிவைத்திருக்கிறாள்! காலையில் தான் கேட்டுச் சிரித்தது காதில் விழுந்தது, எப்படி நம்ம கை என்று. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. இது வியாதி என்றாள். பெற்றவளின் மனசு கல் என்று அர்த்தமில்லை, சோம்பேறித்தனமில்லை, கெட்ட புத்தியில்லை. பிள்ளை பெற்ற பிறகு நிறையப் பேருக்கு வருவதுதான், சிலரை இப்படிக் கிணற்றுக்குள் தள்ளிவிடும். மருந்து இருக்கிறது, பேசிப் பேசிச் சரிசெய்கிற முறை இருக்கிறது, உடனே கேட்காது, பொறுமை வேண்டும். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும், தனியாக மட்டும் விடக்கூடாது.

"எனக்குத் தெரியலையே டாக்டர்" என்றாள் அண்ணி. "அழுகை நின்னுடுச்சு. வீட்டை அப்படி ஒழுங்கா வச்சிருந்தா. நல்லாயிட்டான்னு நினைச்சேன்."

"அழுதப்ப கேட்டிருக்கலாம். திடீர்னு நின்னப்ப இன்னும் நல்லா கேட்டிருக்கலாம்" என்றாள் டாக்டரம்மா. செருமிக்கொண்டு, கொஞ்சம் இறங்கிய குரலில், "சரி, ஓடி வந்தீங்க இல்ல" என்றாள்.

கேட்காமலே ரேடியோ ஒரு தடவை சொன்னாளே என்று அண்ணி சொல்லவில்லை. கொடித்துணியும் கதவு நிலையும் கண்ணுக்குள் வந்து நின்றன. அதை டாக்டரிடமும் சொல்ல முடியாது, தம்பியிடமும் சொல்ல முடியாது.

படுக்கை கொடுத்தார்கள். தம்பி மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குப் போனான். போகும்போது பொண்டாட்டியின் தலையைத் தொட்டுவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், "நான்... இப்ப வந்துடறேன்" என்றான். வெளியே போய் நடையில் நின்று அழுததைக் கதவுக் கண்ணாடி வழியாக இருவரும் பார்த்தார்கள். வார்டில் துவைத்த விரிப்பின் வாசனை அடித்தது. அவர்கள் ஆலையில் துவைத்ததாகக்கூட இருக்கலாம். அண்ணிக்கு அதைத் தடவிப் பார்க்கத் தோன்றவில்லை.

மருந்து கொடுத்துவிட்டு நர்ஸ் போனாள். ரேடியோ ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் கண் குழந்தையின் பக்கம் வந்தது. கொஞ்ச நேரம் அவன் உள்ளங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

"சொல்லும்மா."

"எனக்குச் சரியாயிடும்னு அந்த டாக்டர் சொன்னாங்கல்ல."

"ஆமாடி. ஆயிடும்."

"ஒருவேளை சரியாயிடுச்சுன்னா... இவனை எங்கிட்டத் திருப்பிக் குடுத்துடுவீங்களா?"

"குடுத்துடுவேன்டி. உன் பிள்ளைடி அவன். உனக்குத்தான்" என்றாள் அண்ணி. சத்தியமாகத்தான் சொன்னாள், பொய் துளியும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கும் இந்தப் பதிலுக்கும் நடுவில், அவளைக் கேட்காமலே, அவள் கை குழந்தையின் முதுகை ஒரு கணம் இறுக்கிப் பிடித்தது. படுக்கையில் இருந்தவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை இவளும் பார்த்தாள்.